முறுக்கத்தைத் தாங்கும் மோட்டார் தண்டு: தடித்த இ.என். 8, வலிய இ.என். 24, உள்ளீடற்ற குழாய் ஆகியவற்றில் எதைத் தேர்வது?

மோட்டாரின் சுழற்சியை எந்திரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு முறிந்துவிட்டால், பட்டறையில் முதலில் எழும் யோசனை "இதே அளவில் இ.என். 24 போட்டுவிடலாம்" என்பதாகும். இ.என். 8 சாதாரணக் கார்பன் எஃகு; இ.என். 24 நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த வலிய எஃகு. சிலர் தண்டின் விட்டத்தைக் கூட்டச் சொல்வார்கள். படித்துவிட்டு வந்த இளம் பொறியாளர், உள்ளீடற்ற தண்டே எடை குறைந்தது, விறைப்பு மிகுந்தது என்று வாதிடுவார். மூவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் மூன்று வெவ்வேறு சிக்கல்களுக்குத் தீர்வு சொல்கிறார்கள். தண்டு எதனால் தோற்கிறது என்று தெரியாமல் பொருளைத் தேர்ந்தெடுத்தால், வலிமைக்குக் கொடுத்த பணம் விறைப்பில் ஒரு பயனையும் தராமல் போகலாம். இந்தக் குழப்பத்தில் நிற்பவர்களுக்காக, ஒரே எந்திரத்துக்கு மூன்று தண்டுகளையும் கணக்கிட்டு அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

## எந்த அளவுகோல்களால் எடைபோடுவது

முதல் அளவுகோல் வலிமை. தண்டு முறுக்கப்படும்போது அதன் மேற்பரப்பில்தான், பட்டறையில் ஷியர் என்று சொல்லப்படும் சறுக்குப் பெயர்ச்சித் தகைவு உச்சத்தில் இருக்கும். திடமான உருண்டைத் தண்டில் அது விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். அனுமதிக்கத்தக்க தகைவு எவ்வளவு என்பதற்கு, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் 1927ஆம் ஆண்டு விதி இன்றும் நம் கல்லூரிகளில் சொல்லித்தரப்படுகிறது. எஃகு மீளாமல் உருமாறத் தொடங்கும் யீல்டு தகைவில் 30 சதவீதம், இழுவலிமையில் 18 சதவீதம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை எடுத்து, கீ என்ற பூட்டுக்கட்டை அமரும் பள்ளமான கீவே வெட்டப்பட்டிருந்தால் மேலும் 25 சதவீதம் குறைக்க வேண்டும். அந்த விதி பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டு, திரும்பத் திரும்ப வரும் சுமையால் விரிசல் வளரும் களைப்பைக் கணக்கில் கொள்ளும் முறைகள் வந்துவிட்டன. ஆனாலும் தொடக்க அளவை முடிவுசெய்ய அது இன்னும் நம்பகமானது.

இரண்டாவது அளவுகோல் விறைப்பு, அதாவது சுமையின்கீழ் தண்டு எத்தனை பாகை முறுக்கிக்கொள்கிறது என்பது. இதைத் தீர்மானிப்பவை நீளம், விட்டத்தின் நான்மடி, எஃகின் விறைப்புக் குணகம் ஆகியவை. முறுக்கம் விட்டத்தின் நான்மடியைப் பொறுத்தது என்று பிரெஞ்சு அறிவியலாளர் கூலும் 1784இலேயே கம்பிகளைக் கொண்டு சோதித்து நிறுவினார். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சாதாரண எஃகானாலும் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகானாலும் விறைப்புக் குணகம் ஏறக்குறைய 80 கிகாபாஸ்கல்தான். விலை மூன்று மடங்கானாலும், வெப்பப் பதப்படுத்தலால் வலிமை இரு மடங்கானாலும், அந்த எண் நகர்வதில்லை.

மூன்றாவது, களைப்பு. கீவேயின் மூலை, விட்டம் மாறும் படி, வெல்டிங்கின் ஓரம் போன்ற இடங்களில் தகைவு குவியும். எண்ட்மில் என்ற சுழலும் கட்டரால் வெட்டிய கீவேயின் அடிமூலையில், முறுக்கத்தால் வரும் தகைவு சராசரியைப்போல் சுமார் 3 மடங்கு வரை உயர்வதாக வடிவமைப்பு அட்டவணைகள் காட்டுகின்றன. தண்டுகள் பெரும்பாலும் நடுவில் முறிவதில்லை, இங்கேதான் முறிகின்றன.

இவற்றுக்குப் பின்னரே விலை, கிடைக்கும் தன்மை, கடைசல் வேலை, இரு தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கின் துளை, பேரிங் அளவு ஆகியவை வருகின்றன. ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் எல்லாம் இந்தக் கடைசி வரிசையில்தான் ஒளிந்திருக்கின்றன.

## கணக்குக்கு எடுத்துக்கொண்ட எந்திரம்

தானியம் நகர்த்தும் திருகுக் கன்வேயர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 15 கிலோவாட், நான்கு துருவ மோட்டார். முழுச்சுமையில் நிமிடத்துக்கு 1460 சுற்று. அடுத்து 10:1 கியர்பாக்ஸ். அதிலிருந்து தூசி புகாத தடுப்புச்சுவரைக் கடந்து, 1.5 மீட்டர் நீளத் தண்டு 146 சுற்றில் கன்வேயரைச் சுழற்றுகிறது. இரு முனையிலும் கப்ளிங் இருப்பதால், பெல்ட் அல்லது செயின் இழுக்கும்போது வரும் வளைவுச் சுமை இங்கே இல்லை. அது இருந்தால் முறுக்குவிசையோடு வளைவுத் திருப்புத்திறனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

9550ஐ கிலோவாட்டால் பெருக்கிச் சுற்றால் வகுத்தால் முறுக்குவிசை கிடைக்கும். கியர்பாக்ஸ் இழப்பைக் கழிக்காமல் அது 981 நியூட்டன் மீட்டர். மிதமான அதிர்ச்சிச் சுமைக்காக 1.5ஆல் பெருக்கினால், வடிவமைப்பு முறுக்குவிசை 1472 நியூட்டன் மீட்டர் ஆகிறது. கன்வேயர் அடைத்துக்கொண்டால் மோட்டார் தன் முழுச்சுமையைப்போல் 2.5 மடங்கு வரை எளிதில் தள்ளும். அப்போது தண்டில் சுமார் 2450 நியூட்டன் மீட்டர் ஏறும். அடைப்பு திடீரென்று நிகழ்ந்தால், சுழன்றுகொண்டிருக்கும் ரோட்டரின் இயக்க ஆற்றலும் இதற்கு மேல் சேரும்.

## தேர்வு ஒன்று: இ.என். 8, திடத் தண்டு

நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) இ.என். 8இன் யீல்டு 280 மெகாபாஸ்கல், இழுவலிமை 550. மேற்சொன்ன விதிப்படி கீவேயோடு அனுமதிக்கத்தக்க தகைவு 63 மெகாபாஸ்கல். கணக்கில் 49.2 மி.மீ. வருகிறது; பேரிங் அளவுக்கு ஒத்துவருமாறு 50 மி.மீ. எடுக்கலாம். எடை 23.1 கிலோ. முழுச்சுமையில் 1.5 மீட்டரில் 1.7 பாகை முறுக்கிக்கொள்ளும்.

இதன் பெரிய பலம் எளிமை. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ எஃகுக் கடைகளில் ரவுண்டு ராடாகக் கிடைக்கும். எந்த லேத்திலும் கடையலாம்; சாதாரண டூலே போதும்; வெப்பப் பதப்படுத்தலுக்கு வெளியே அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. யீல்டுக்கும் முறிவுக்கும் இடையே நல்ல இடைவெளி இருப்பதால், அளவு மீறிய சுமையில் முதலில் முறுக்கிக்கொண்டு எச்சரிக்கை தரும். கீவேயின் மூலையில் குவியும் தகைவையும், வலிய எஃகை ஒப்பிட்டால், ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

மறைந்த செலவு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, விட்டம் கூடக் கூட பேரிங், பேரிங் வீடு, சீல், கப்ளிங் எல்லாமே ஒரு படி மேலே போகும். தண்டில் மிச்சப்படுத்திய தொகையை இவை விழுங்கிவிடலாம். மற்றொன்று, வாங்கும் ராடு உண்மையிலேயே இ.என். 8தானா என்பது. மைல்டு ஸ்டீல் ராடு இ.என். 8 என்ற பெயரில் கைமாறியதை நான் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குவதும், ஐயம் இருந்தால் ஒரு துண்டை வேதியியல் சோதனைக்கு அனுப்புவதும் வீண் செலவல்ல. இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாக் கணக்கும் அந்த ஒரு தாளை நம்பியே நிற்கிறது.

## தேர்வு இரண்டு: இ.என். 24, திடத் தண்டு

குவென்ச் செய்து (சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்து) டெம்பர் செய்த (மீண்டும் மிதமாகச் சூடாக்கிய) 'டி' நிலையில் இ.என். 24இன் யீல்டு சுமார் 650 மெகாபாஸ்கல், இழுவலிமை குறைந்தது 850. இங்கே இழுவலிமையின் 18 சதவீதமே குறைவானது. கீவேக்குக் கழித்தபின் 115 மெகாபாஸ்கல் கிடைக்கிறது. தேவையான விட்டம் 40.3 மி.மீ. கேட்பதற்குப் பெரிய மிச்சம்போல் தெரியும். ஆனால் பேரிங் துளைகள் இந்த அளவுகளில் 40, 45, 50 என்று ஐந்தைந்தாகத்தான் ஏறும். 40 மி.மீ. சற்றே போதாது, ஆகவே 45 மி.மீ. போட வேண்டும். எடை 18.7 கிலோ. ஆக, கலப்பு எஃகின் விலையையும் வெப்பப் பதப்படுத்தலின் விலையையும் கொடுத்து நாம் வாங்குவது 5 மி.மீ. விட்டக் குறைவும் 4.4 கிலோ எடைக் குறைவும்தான்.

விறைப்பில் நிலைமை இன்னும் மோசம். 45 மி.மீ. தண்டு முழுச்சுமையில் 2.6 பாகை முறுக்கிக்கொள்ளும், 50 மி.மீ. இ.என். 8ஐவிட இது ஒன்றரை மடங்கு. தண்டு தொடக்கத்தில் "உதறுகிறது" என்ற புகாருக்கு மருந்தாக இ.என். 24 போட்டு, விட்டத்தையும் குறைத்தவர்கள், உதறல் கூடியதைக் கண்டு திகைப்பதற்கு இதுவே காரணம்.

கீயையும் மறந்துவிடக் கூடாது. விட்டம் குறைந்தால் அதே முறுக்குவிசைக்குக் கீயின் மேல் விழும் விசை கூடும். 14×9 மி.மீ. அளவில் 80 மி.மீ. நீளக் கீ என்று வைத்தால், 50 மி.மீ. தண்டில் கீயின் பக்கச் சுவரை நசுக்கும் அழுத்தம் சுமார் 164 மெகாபாஸ்கல், 45 மி.மீ.இல் அது 182 ஆகிறது. தண்டு வலிமையாகிவிட்டது, கீயும் வார்ப்பிரும்புக் கப்ளிங்கும் பழையபடியே இருக்கின்றன. பலவீனம் ஒழியவில்லை, இடம் மாறிவிட்டது. கூடவே, வலிமை மிகுந்த எஃகு கூர்மையான மூலைகளை மன்னிப்பதில்லை: கீவேயின் அடிமூலையில் வளைவாரம், அதாவது மூலையை மழுக்கும் சிறு வளைவு, விடாமல் வெட்டினால், கூடுதல் வலிமையின் பெரும்பகுதி களைப்பில் கரைந்துவிடும். தேய்ந்துபோன பேரிங் இருக்கையை வெல்டிங் வைத்து நிரப்பிக் கடையும் நம் வழக்கமும் இங்கே ஆபத்தானது. முன்சூடும் பின்சூடும் இல்லாமல் வெல்டிங் வைத்தால் இந்த எஃகில் விரிசல் விழும்.

இத்தனைக்கும் பிறகு, இ.என். 24 மட்டுமே சரியான விடையாகும் நிலை ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் துளை 45 மி.மீ. என்று முடிவாகிவிட்டது, அதை மாற்ற வழியில்லை என்று கொள்வோம். வடிவமைப்பு முறுக்குவிசையில் 45 மி.மீ. தண்டின் தகைவு 82 மெகாபாஸ்கல். இ.என். 8க்கு 63தான் அனுமதி, இ.என். 24க்கு 115. விட்டம் கைமீறிப் போன இடத்தில் பொருளின் வலிமைதான் கைகொடுக்கும்.

## தேர்வு மூன்று: உள்ளீடற்ற குழாய்த் தண்டு

திடத் தண்டின் மையப் பகுதி கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. விட்டத்தின் உள்பாதி, தண்டின் எடையில் கால்பங்கைக் கொண்டிருந்தும், முறுக்குவிசையில் பதினாறில் ஒரு பங்கைத்தான் சுமக்கிறது. அந்தச் சும்மா இருக்கும் எஃகை எடுத்து வெளிவிளிம்பில் சேர்ப்பதே குழாய்த் தண்டு.

யீல்டு 355, இழுவலிமை 490 மெகாபாஸ்கல் உள்ள சீம்லெஸ் (பக்கவாட்டு இணைப்பு இல்லாத) குழாயில், வெளிவிட்டம் 60, உள்விட்டம் 42 மி.மீ. எடுத்தால், வடிவமைப்பு முறுக்குவிசையில் தகைவு 46 மெகாபாஸ்கல்தான். எடை 17 கிலோ. முழுச்சுமையில் 1.1 பாகை மட்டுமே முறுக்கிக்கொள்ளும். இ.என். 24ஐவிட எடை குறைவு, இ.என். 8ஐவிட விறைப்பு மிகுதி. அதுவும் கலப்பு எஃகின் துணையே இல்லாமல்.

பிறகு ஏன் எல்லோரும் இதைப் போடுவதில்லை? முனைகளால்தான். குழாயில் நேரடியாகக் கீவே வெட்ட முடியாது. சுவரின் தடிமன் பாதியாகிவிடும். முனைக்கு ஒரு திடக் கட்டையைக் கடைந்து, குழாய்க்குள் இறுக்கமாகச் செருகி, சுற்றிலும் வெல்டிங் வைக்க வேண்டும். கட்டைக்கு இ.என். 8ஐத் தேர்ந்தெடுப்பது பொதுவான தவறு, அதில் 0.4 சதவீதக் கார்பன் இருப்பதால், முன்சூடு இல்லாத வெல்டிங்கின் அருகே எஃகு கடினமாகி விரிசலுக்கு இடம்கொடுக்கும். வெல்டிங்குக்கு ஏற்ற, குழாயின் வலிமைக்கு நெருங்கிய எஃகு வேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 2062இன் இ350 வகையில் 50 மி.மீ. கட்டை இந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. வெல்டிங் ஆனபிறகு தண்டு வளையும், நிமிர்த்த வேண்டும், பேரிங் இருக்கைகளை அதன் பின்னரே இறுதி அளவுக்குக் கடைய வேண்டும், முன்னதாகக் கடைந்தால் மையம் ஒத்துவராது. சூடாக உருட்டிய குழாயின் சுவர்த் தடிமன் சொன்ன அளவிலிருந்து 12.5 சதவீதம் வரை குறைந்திருக்கவும் சில தரங்கள் இடம்கொடுக்கின்றன. ஆகவே குறைந்த தடிமனுக்கே கணக்கிடுவது நல்லது. வேகமாகச் சுழலும் தண்டானால் சமனிலைப்படுத்தும் செலவும் சேரும்.

ஒன்றரை மீட்டருக்கு இந்த வேலையெல்லாம் மிகையாகத் தோன்றும். மூன்று மீட்டருக்கு அப்படித் தோன்றாது. முனைகளின் செலவு நீளத்தைப் பொறுத்து மாறுவதில்லை, எஃகின் மிச்சமும் விறைப்பின் ஆதாயமும் ஒவ்வொரு மீட்டருக்கும் கூடிக்கொண்டே போகும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | இ.என். 8, 50 மி.மீ. | இ.என். 24 'டி', 45 மி.மீ. | குழாய், 60/42 மி.மீ. |
|---|---|---|---|
| 1472 நியூட்டன் மீட்டரில் தகைவு | 60 மெகாபாஸ்கல் | 82 மெகாபாஸ்கல் | 46 மெகாபாஸ்கல் |
| கீவேயோடு அனுமதி | 63 | 115 | 66 (முனைக் கட்டையில், அங்கே தகைவு 60) |
| அடைப்பில், 2450 நியூட்டன் மீட்டரில் தகைவு | 100 | 137 | 76 |
| முழுச்சுமையில் முறுக்கம், 1.5 மீட்டருக்கு | 1.7 பாகை | 2.6 பாகை | 1.1 பாகை |
| எடை | 23.1 கிலோ | 18.7 கிலோ | 17 கிலோ, முனைக் கட்டைகள் நீங்கலாக |
| களைப்பில் பலவீனமான இடம் | கீவே | கீவே மூலை, கீ | வெல்டிங் ஓரம், முனைக் கீவே |
| பழுதுபார்ப்பு | எளிது | முன்சூடு, பின்சூடு இல்லாமல் வெல்டிங் ஆகாது | முனையை மாற்றலாம் |

முறுக்கத்துக்கான எண்களைத் தனியாகப் பார்த்து அஞ்ச வேண்டாம். விட்டத்தைப்போல் 20 மடங்கு நீளத்துக்கு 1 பாகை என்பது பரவலான விதி. அதைக் குழாய் மட்டுமே நிறைவேற்றுகிறது, 50 மி.மீ. தண்டு சற்றே மீறுகிறது. ஆனால் ஆற்றலைக் கடத்துவது மட்டுமே வேலையாக உள்ள தண்டுகளுக்கு மீட்டருக்கு 2.5 முதல் 3 பாகை வரையிலும் ஏற்கப்படுகிறது. அந்த வரம்புக்குள் மூன்றுமே அடங்குகின்றன. தானியத்தை நகர்த்தும் திருகு ஒரு பாகை பின்தங்கினால் ஒன்றும் கெடாது. இருபுறச் சக்கரங்களும் ஒன்றாக உருள வேண்டிய கிரேனிலோ, குறித்த இடத்தில் நிற்க வேண்டிய பொதியிடும் எந்திரத்திலோ அதே ஒரு பாகை வேலையைக் கெடுத்துவிடும். மெஷின் டூல் தண்டுகளுக்கு மீட்டருக்கு 0.25 பாகை என்ற கடும் வரம்பு வைக்கப்படுவதும் இதனால்தான்.

## கியர்பாக்ஸ் இல்லாமல் நேராக இணைத்தால்

இதே மோட்டாரை, இதே 1.5 மீட்டர்த் தண்டால், 1460 சுற்றில் ஓடும் எந்திரத்தோடு நேராக இணைத்தால் கணக்கின் முகமே மாறிவிடுகிறது. முறுக்குவிசை பத்தில் ஒரு பங்காகக் குறைவதால் இ.என். 8இல் 22.8 மி.மீ. போதும், 25 மி.மீ. போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கத் தோன்றும். ஆனால் இரு முனையில் மட்டும் தாங்கப்பட்ட 25 மி.மீ. தண்டின் முதல் மாறுநிலை வேகம், அதாவது தண்டு கட்டுமீறி அதிரும் வேகம், நிமிடத்துக்கு ஏறக்குறைய 1340 சுற்று. மோட்டார் ஒவ்வொரு முறையும் அதைக் கடந்து, அதற்கு வெகு அருகிலேயே நின்று ஓடும். தண்டு வில்லாக வளைந்து பேரிங்கை அடித்து நொறுக்கும். இங்கே இ.என். 24 ஒரு துளியும் உதவாது. வளைவை எதிர்க்கும் விறைப்பைக் குறிக்கும் யங் குணகமும் எல்லா எஃகுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். விட்டத்தைக் கூட்டுவது, நடுவில் ஒரு பேரிங் வைப்பது, குழாய்க்கு மாறுவது ஆகியவையே வழிகள். வேகமும் நீளமும் சேர்ந்து வரும் இடத்தில் நான் தயங்காமல் குழாயைத்தான் சொல்வேன்.

## தண்டைத் தொடாமலே ஒரு வழி

முறுக்குவிசையின் உச்சத்தை வெட்டிவிட்டால், இருக்கும் தண்டே போதுமானதாக இருக்கலாம். நேரடியாக லைனில் தொடங்கும் மோட்டாரை, முதலில் குறைந்த மின்னழுத்தத்தில் தொடங்கும் ஸ்டார்-டெல்டா இணைப்புக்கு மாற்றினால், தொடக்க முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்காகும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் அதை இன்னும் மென்மையாக்கும். ஆனால் தானியம் நிறைந்த நிலையில் தொடங்க வேண்டிய கன்வேயர் ஸ்டார் இணைப்பில் நகராமலே நின்றுவிடவும் கூடும். அடைப்பினால் வரும் உச்சத்தைத் தொடக்கச் சாதனம் எதுவும் தடுக்காது. அதற்குக் கப்ளிங்கில், சுமை மீறினால் முதலில் அறுந்துவிடும் ஷியர் பின்னோ, வழுக்கி விலகும் டார்க் லிமிட்டரோ வேண்டும். பின் அறுந்தால் சில நிமிடங்களில் மாற்றலாம். தண்டு முறிந்தால் ஆலை நின்றுவிடும். ஷியர் பின்னுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த போல்ட்டைச் செருகிவிடும் பழக்கம் மட்டும் இந்தப் பாதுகாப்பை முழுவதுமாக அழித்துவிடும்.

நாம் கணக்கிட்ட கன்வேயருக்கு என் தேர்வு, 50 மி.மீ. இ.என். 8 தண்டும், கப்ளிங்கில் ஷியர் பின்னும். துளை 45இல் முடங்கியிருந்தால் இ.என். 24, கீவே மூலையில் வளைவாரத்தோடு. நீளம் இரு மடங்கானாலோ, வேகம் 1460 ஆனாலோ குழாய்.

## முறிந்த தண்டு கையில் இருந்தால்

புதியதற்கு ஆர்டர் கொடுக்குமுன் முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். தண்டின் அச்சுக்குச் செங்குத்தாக, தட்டையாக, சுழன்று தேய்ந்த தடத்தோடு முறிந்திருந்தால், ஒரே அடியில் விழுந்த மிகைச்சுமை அதைக் கொன்றிருக்கிறது. அடைப்பையும் ஷியர் பின்னையும் கவனியுங்கள். கீவேயின் மூலையில் தொடங்கி, சுமார் 45 பாகைச் சாய்வில் திருகுபோல் ஏறியிருந்தால், அது பல நாள் வளர்ந்த களைப்பு விரிசல். அப்போது அதே கூர்மூலையோடு இ.என். 24இல் இன்னொரு தண்டைக் கடையச் சொல்லாமல், முதலில் கீவேயை வெட்டிய கட்டரின் முனையில் எவ்வளவு வளைவாரம் இருந்தது என்று லேத்காரரிடம் கேளுங்கள்.